பஞ்சிகாவத்தையில் கற்ற பாடம்

 

கொழும்புக்குப் போகின்றவர்களில் சிலர் காலிமுகத்திடலில் காற்று வாங்கப் போவார்கள். சிலர் புறக்கோட்டையில் புடைவை எடுக்கப் போவார்கள். வைத்தியரைக் காணப் போவோரும் உண்டு. நான் சென்ற வருடம் ஒரு வியாழக்கிழமை போனது பழைய இரும்பைப் பற்றி விசாரிப்பதற்கு! மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஒருவனுக்கு இரும்போடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வாப்பா விட்டுச் சென்ற ஒரு காரினால் வந்த வேலை அது. அதில் நான் கற்றுக்கொண்டது உங்களுக்கும் ஒருநாள் உதவக்கூடும் என்பதனால் எழுதுகிறேன்.

ரம்புக்கனையில் ரயிலேறி மருதானையில் இறங்கினால் பஞ்சிகாவத்தைக்கு நடந்தே போய்விடலாம். வாகன உதிரிப்பாகங்களுக்கு இலங்கை முழுவதிலும் பேர்போன இடம் அது. வீதியின் இருமருங்கிலும் கடைகள். ஒரு கடையின் முன்னே கார்க் கதவுகள் புத்தகங்களைப் போல் அடுக்கப்பட்டிருக்கும். இன்னொரு கடையில் சைலன்சர்கள் வாழைக்குலைகளைப் போல் கூரையிலிருந்து தொங்கும். ரேடியேட்டர்கள் ஒரு குவியல், கியர் பெட்டிகள் ஒரு குவியல். நடைபாதை எண்ணெய் ஊறிக் கறுத்துப் போயிருக்கும். வெள்ளை ஜுப்பாவோடு போன நான் அதைக் கையால் தூக்கிப் பிடித்துக் கொண்டுதான் நடந்தேன். சிங்களத்தில் விலை கேட்டு, தமிழில் குறைத்து, மீண்டும் சிங்களத்தில் முடிக்கின்ற பேரம் எங்கும் கேட்கும். ளுஹருக்குப் பாங்கு சொன்னதும் கடைப் பையன்கள் கையிலுள்ள கிறீஸைச் சவர்க்காரத் தூள் போட்டு உரஞ்சிக் கழுவிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவதையும் காணலாம்.

மாலையில் உங்கள் காரின் கண்ணாடி களவு போனால் மறுநாள் காலையில் பஞ்சிகாவத்தைக்குப் போய் அதையே விலைக்கு வாங்கலாம் என்று ஒரு பழைய பகிடி உண்டு. அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு நான் அதைச் சொல்வதில்லை.

வாப்பாவின் கார்

எங்களூர் மாவனல்லை. வாப்பா மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் வியாபாரி. 1974 இல் அவர் ஒரு மொரிஸ் மைனர் கார் வாங்கினார். 1959 இல் செய்யப்பட்ட வண்டி. சாம்பல் நிறம், இரண்டு கதவுகள், ‘1 ஸ்ரீ’ இலக்கத் தகடு. கிராமங்களுக்குள் போய் மிளகு வாங்கிப் பின் ஆசனத்தில் சாக்கு சாக்காக ஏற்றி வருவார். பெருநாளைக்கு அதே ஆசனத்தில் நாங்கள் ஏறுவோம். புது உடுப்பிலெல்லாம் மிளகு வாசம் ஏறிவிடும்.

கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் எங்கள் கார் மற்ற மொரிஸ் கார்களை முந்திக்கொண்டு ஏறும். “வாப்பா பிஸ்மி சொல்லி ஏத்துறார், அதுதான் இந்த ஓட்டம்” என்று உம்மா சொல்வார். நாங்களும் அதை அப்படியே நம்பினோம்.

உம்மா முதலில் போனார். 2021 இல் வாப்பாவும் வபாத்தானார்கள். வாரிசுகள் மூவர்: எனக்கு மூத்தவரான தாத்தா, நான், கட்டாரில் தொழில் செய்யும் தம்பி. தாத்தா கணவனை இழந்தவர். அவர் இருக்கும் வீட்டின் கூரை மரங்கள் கறையான் அரித்து, மழைக்கு அறையெல்லாம் ஒழுகும் நிலைக்கு வந்துவிட்டது. மார்க்கம் வகுத்த பங்கின்படி காரின் விலையில் ஐந்திலொரு பங்குதான் தாத்தாவுக்கு. தம்பியும் நானும் பேசி, எங்கள் பங்குகளையும் அவருக்கே விட்டுக்கொடுத்தோம். காரை விற்றுக் கூரையைப் போட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

விற்பதற்கும் காலம் சாதகமாக இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் மீண்டும் வழி திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலையும் ஏறிப் போயிருந்தது. தவிர, பழைய கார்களை ஆசைக்கு வாங்கிப் பேணுகின்றவர்களும் நாட்டில் பலர் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் எங்கள் வீடு தேடி வந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், கண்ணியமான பேச்சு.

அவர் போனட்டைத் திறந்து, எஞ்சினில் பொருத்தியிருந்த சிறு தகட்டின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான். பிறகு என்னிடம், “இந்த வண்டியோடு பிறந்த எஞ்சின்தான் இதில் இருக்கிறது என்றால் பதினெட்டு இலட்சம் ரூபா தருவேன். மாற்றியது என்றால் பதினைந்து. மௌலவி, உங்கள் வாய் வார்த்தை எனக்குப் போதும். இது பிறப்பு எஞ்சின்தானே?” என்று கேட்டார்.

ஆம் என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. வாப்பா காரை வேறு யாருக்கும் ஓட்டவே கொடுத்ததில்லை. புத்தகமும் பொருந்துகிறது. வேறென்ன வேண்டும்? ஆனால் அவர் மௌலவி என்று விளித்து என் வார்த்தையையே அத்தாட்சியாகக் கேட்டது நெஞ்சில் தைத்தது. “விசாரித்துச் சொல்கிறேன்” என்றேன். அந்த விசாரணைதான் என்னைப் பஞ்சிகாவத்தைக்குக் கொண்டு போனது.

நான்கு எஞ்சின்கள்

எங்களூர்க்காரர் ஒருவர் சொல்லியனுப்பிய கடையில் எழுபது வயதைக் கடந்த ஒரு ஹாஜியார் இருந்தார். ஆங்கிலேயக் கார்களின் பாகங்களோடு ஐம்பது வருடம் புழங்கியவர். பிளேன்டீ வரவழைத்துத் தந்துவிட்டு, ஒரு மாணவனுக்குச் சொல்வதைப் போல எனக்கு விளக்கினார். அவர் சொன்னதையும் நான் பிறகு வாசித்தறிந்ததையும் சேர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

மொரிஸ் மைனர் 1948 இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். அவர் பிறந்தது துருக்கியின் இஸ்மீர் நகரில். வண்டி செய்யப்பட்டது இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரை அடுத்த கௌலி என்ற இடத்தில். பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மொரிஸ் மைனர்கள் செய்யப்பட்டன. 1960களிலும் 70களிலும் நம் நாட்டில் புது வாகனம் கிடைப்பது அரிதாக இருந்ததனால், வந்து சேர்ந்தவற்றை நம்மவர்கள் கண்போல் காத்தார்கள். 1990களில் காலிப் பக்கத்தில் மொரிஸ் மைனருக்குப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்றால் பாருங்கள்!

வெளியில் ஒரே காராகத் தெரிந்தாலும் அதன் வயிற்றில் வெவ்வேறு காலங்களில் நான்கு எஞ்சின்கள் இருந்திருக்கின்றன. முதலில் வந்தது 918 சீசீ. இதில் வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும். தலைப்பகுதி தட்டையாக இருந்து, பிளக்குகள் அதன் மேலே நிமிர்ந்து நிற்கும். 1952 இல் ஒஸ்டின் கம்பெனியும் மொரிஸ் கம்பெனியும் ஒன்றாக இணைந்தன. அதன் பிறகு ஒஸ்டின்காரர்களின் 803 சீசீ எஞ்சின் இதற்குள் வந்தது. 1956 இல் முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தது ஒரே கண்ணாடியாக மாறியபோது 948 சீசீ வந்தது. 1962 இலிருந்து 1098 சீசீ. குதிரை வலுவில் சொன்னால், தொடக்கத்தில் 27 அளவில் இருந்தது 30 ஆகி, 37 ஆகி, கடைசியில் 48 ஆனது.

ஆகவே முதல் வேலை, கார் எந்த வருடத்தது என்று அறிவது. வருடம் தெரிந்தால் எந்த எஞ்சின் இருக்க வேண்டும் என்பது தெரியும். வாப்பாவின் கார் 1959. எனவே அதில் 948 சீசீ இருக்க வேண்டும்.

இரண்டாவது, இலக்கத் தகடு. எஞ்சினின் வலப்பக்கத்தில் டைனமோவுக்கு மேலே ஒரு சிறு தகடு பொருத்தப்பட்டிருக்கும். அதில் இலக்கத்துக்கு முன்னால் வரும் எழுத்துகளே எஞ்சினின் குலத்தைச் சொல்லிவிடும். 803 சீசீயானால் ‘ஏபிஎச்எம்’ என்று தொடங்கும். 1959 அளவில் வந்த 948 சீசீயில் ‘9எம்’ என்றிருக்கும். 1098 சீசீயில் ‘10எம்ஏ’ என்றிருக்கும். நான் குறித்துக் கொண்டு போன இலக்கம் ‘9எம்’ என்றே தொடங்கியது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “அப்படியென்றால் சரிதானே ஹாஜியார்?” என்றேன்.

அவர் பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “மௌலவி, நீங்க பாத்தது நம்பரை. எஞ்சினைப் பாத்தீங்களா?”

எனக்கு விளங்கவில்லை. அவர் கடையின் பின்புறத்துக்கு என்னை அழைத்துப் போய், கழற்றி வைத்திருந்த ஒரு பழைய எஞ்சினைக் காட்டினார். தகட்டைப் பிடித்திருப்பவை இரண்டு சிறு ஆணிகள் மட்டுமே. ஓர் உளியும் இரண்டு நிமிட நேரமும் இருந்தால் ஓர் எஞ்சினின் தகட்டைக் கழற்றி இன்னோர் எஞ்சினில் பொருத்திவிடலாம். ஆனால் எஞ்சினின் பிளாக், அதாவது உருக்கி வார்த்த அந்த உடல் இருக்கிறதே, அதன் பக்கவாட்டில் வார்க்கும்போதே புடைப்பாக ஓர் எண் வந்திருக்கும். 948 சீசீயானால் ‘950’. 1098 சீசீயானால் ‘1100’. அது இரும்போடு இரும்பாகப் பிறந்தது. அதைக் கழற்றிக் கொண்டு போக முடியாது. இரண்டு எஞ்சின்களும் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஐம்பது வருடக் கிறீஸ் படிந்திருக்கும்போது அந்த எண்ணைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு.

இன்னொன்றும் சொன்னார். நம் நாட்டில் பலர் ஆங்கிலேய எஞ்சினையே தூக்கிவிட்டு டட்சன் போன்ற ஜப்பான் எஞ்சினை வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதுமாம். மொரிஸ் எஞ்சினின் ஹெட் வார்ப்பிரும்பு, காந்தம் ஒட்டும். டட்சனின் அந்த எஞ்சினில் ஹெட் அலுமினியம், ஒட்டாது. உடைந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தை என் கையில் தந்து, “கொண்டு போங்க, காசு வேணாம்” என்றார்.

வாசகர்களே! ஹதீஸ் கலையில் ஒரு செய்தி நம்மை வந்தடைந்தால் யார் வழியாக வந்தது என்று அறிவிப்பாளர் வரிசையைப் பார்க்கிறோம். அத்தோடு விடுவதில்லை. செய்தியின் உள்ளடக்கத்தையும் பார்க்கிறோம். வருடக் கணக்காக மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும் நான், ஒரு தகட்டையும் ஒரு புத்தகத்தையும் பார்த்துவிட்டுச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேனே என்று ரயிலில் வரும்போது வெட்கமாக இருந்தது.

மண்ணெண்ணெயும் துணியும்

வெள்ளிக்கிழமை சுபஹுக்குப் பின் என் பன்னிரண்டு வயது மகனை அழைத்துக்கொண்டு காரடிக்குப் போனேன். முதலில் காந்தம். ஹெட்டில் ‘டக்’ என்று ஒட்டியது. அல்ஹம்துலில்லாஹ், டட்சன் இல்லை.

பிறகு மண்ணெண்ணெயும் பழைய சாரத் துணியும். ஒரு தும்புப் பிரஷால் பிளாக்கின் பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினோம். கிறீஸும் புழுதியும் சேர்ந்து களிமண்ணைப் போல் இறுகியிருந்தன. அரை மணி நேரத்தின் பின் ஏதோ ஒரு புடைப்பு விரலில் தட்டியது. மகன் டோர்ச் அடித்துப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக வாசித்தான். “ஒண்டு... ஒண்டு... சைபர்... சைபர். ஆயிரத்து நூறு வாப்பா!”

நான் மீண்டும் துடைத்துப் பார்த்தேன். 1100 தான். மேலே தகடு 9எம் என்கிறது, கீழே உடல் 1100 என்கிறது. தகட்டைக் கூர்ந்து பார்த்தபோது, அதைப் பிடித்திருந்தவை ஹாஜியார் காட்டிய ஆணிகள் அல்ல, பிற்காலத்துத் திருகாணிகள் என்பதும் தெரிந்தது.

இப்போது நிலைமையைச் சற்று யோசித்துப் பாருங்கள். பதிவுப் புத்தகமும் தகடும் பொருந்துகின்றன. இங்கிலாந்தில் கேடன் என்ற இடத்திலுள்ள மோட்டார் நூதனசாலையில் பழைய தொழிற்சாலைக் குறிப்புகளைப் பேணி வைத்திருக்கிறார்கள். கேட்டு எழுதினால் ஒரு கார் எந்த எஞ்சினோடு வெளியே வந்தது என்று பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழ் வந்தாலும் இந்தத் தகட்டோடு பொருந்தும். ஏனென்றால் தகடு உண்மையானதுதான்! எல்லாக் காகிதங்களும் ஒரே குரலில் ஆம் என்று சொல்லும். இல்லையென்று சொல்ல அந்த நான்கு எண்கள் மட்டுமே இருந்தன. அவற்றையும் ஒரு கை கிறீஸால் மூடிவிடலாம்.

ஒரு பழைய கதையும் அப்போதுதான் துலங்கியது. கடுகண்ணாவை ஏற்றத்தில் எங்கள் கார் மற்ற மொரிஸ்களை முந்தியதற்குக் காரணம் என்ன? 37 குதிரைகள் இழுக்க வேண்டிய வண்டியை 48 குதிரைகள் இழுத்திருக்கின்றன!

பாஸ் சொன்னது

தகட்டை மாற்றியது யார்? தராசுத் தட்டு அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து மிளகு நிறுத்தவர் எங்கள் வாப்பா. விற்பவருக்கு ஒரு கிராம் கூடக் குறைக்கமாட்டார். அவரா இப்படிச் செய்தார் என்ற கேள்வி அன்று ஜும்ஆ முடியும் வரை மனதைக் குடைந்தது.

வாப்பாவின் காருக்கு வேலை செய்த கராஜ் இப்போது இல்லை. அதன் முதலாளியும் இல்லை. ஆனால் அங்கே அந்நாளில் பையனாக நின்ற ஒரு சிங்களச் சகோதரர், இப்போது எழுபதை நெருங்கும் பாஸ், பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். அஸருக்குப் பின் அவரிடம் போனேன். வாப்பாவின் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

அவர் சிங்களத்தில் சொன்னது இதுதான். 1976 இல் வாப்பாவின் காரின் பிளாக் வெடித்துவிட்டது. அந்தக் காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு. பிளாக் மட்டுமல்ல, ஒரு பிஸ்டன் றிங் வாங்குவதே பெரும்பாடு. விபத்தில் நொறுங்கிய ஒரு மொரிஸின் எஞ்சின் கிடைத்தது. அது 1098. அதை வைத்துக் கட்டினார்கள். புத்தகத்தில் மாற்ற வேண்டுமா என்று வாப்பா கேட்டிருக்கிறார். அதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டும், பழைய தகட்டையே இதில் போட்டுவிட்டால் நம்பர் ஒன்றாகத்தானே இருக்கும் என்று கராஜ் முதலாளி சொல்லிவிட்டாராம். வாப்பாவுக்கு வாகன விஷயம் தெரியாது, அப்படித்தான் வழக்கம் போலும் என்று எண்ணிக்கொண்டார். “திருகாணி போட்டது நான்தான்” என்று சொல்லித் தன் கைகளைப் பார்த்தார் பாஸ்.

யாருடைய பணம்?

அன்றிரவு தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நாநா, புத்தகம் பொருந்துது, தகடு பொருந்துது. நாம எதையும் மாத்தல்ல. கேட்டா, எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதுதான் எண்டு சொல்லலாந்தானே? இந்த எஞ்சின் அதவிட நல்ல எஞ்சினும்கூட” என்றான்.

அவன் கெட்டவன் அல்லன். அவன் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. 1098 சீசீ எஞ்சின் 948ஐ விட வலுவானது. ஓட்டத்தில் குறை கிடையாது. அதை ‘ஐப்’, குறை, என்று சொல்ல முடியுமா?

அறபுக் கல்லூரிகளில் நாம் ஓதும் பத்ஹுல் முஈனின் வியாபாரப் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொருளில் உள்ள குறையை விற்பவர் அறிந்திருந்தால் சொல்லியாக வேண்டும். அது ஒரு சட்டம். வாங்குபவர் இன்ன தன்மை இருக்க வேண்டும் என்று நிபந்தனையிட்டு வாங்கி, அத்தன்மை அதில் இல்லையென்றால் வியாபாரத்தை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு. அது இன்னொரு சட்டம். எங்களிடம் வந்தவர் வலுவான எஞ்சினைக் கேட்கவில்லை. பிறப்பு எஞ்சினைக் கேட்டார். அதற்காகவே மூன்று இலட்சம் கூட்டித் தரச் சம்மதித்தார்.

மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவத்தை நீங்கள் அறிவீர்கள். மழையில் நனைந்ததாக அந்த வியாபாரி சொன்னார். அப்படியானால் மனிதர்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று அன்னார் கேட்டார்கள். அந்த வியாபாரி வாயால் பொய் சொன்னதாக அச்சம்பவத்தில் இல்லை. காய்ந்தது மேலேயும் ஈரம் அடியிலும் இருந்தது, அவ்வளவுதான். எங்கள் காரிலும் தகடு மேலேயும் 1100 கிறீஸுக்கு அடியிலும் இருந்தன.

சட்டம் தெளிவாகிவிட்டது. ஆனால் தூக்கம் வரவில்லை. காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் குறையும் மூன்று இலட்சம் என்னுடையதல்ல. அது தாத்தாவின் கூரை. என் பங்கை நான் எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டேன். எனக்கு ஒரு சதம் கூட நட்டமில்லை. நல்ல பெயர் எனக்கு, மழை அவருக்கு. பிறருடைய பணத்தில் நேர்மையாக இருப்பது எவ்வளவு இலகு! இதுவரை எத்தனை குத்பாக்களில் நேர்மையைப் பற்றிப் பேசியிருப்பேன். அவற்றுக்கெல்லாம் என் கையிலிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று அன்றிரவு கணக்குப் பார்த்தேன். கணக்கு சிறியதாகத்தான் வந்தது.

மறுநாள் காலையில் தாத்தாவிடம் போய் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். எண்ணைச் சொன்னேன், பாஸ் சொன்னதைச் சொன்னேன், தம்பி சொன்னதையும் சொன்னேன். எது மார்க்கம் என்பதையும் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். தாத்தா எழுந்து உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. நீண்ட நேரம் வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

வந்தபோது கையில் வாப்பாவின் பழைய கணக்குக் கொப்பிகளில் ஒன்று. மிளகுக் கொள்வனவும் கடன்களும் எழுதிய கொப்பி. 1976ஆம் வருடத்துப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். வாப்பாவின் கையெழுத்தில் ஒரு வரி. மொரிஸுக்கு வேறு எஞ்சின் போட்டது என்று எழுதி, பக்கத்தில் கொடுத்த தொகையும் எழுதியிருந்தார்.

“வாப்பா எழுதி வெச்சிருக்கார் தம்பி” என்றார் தாத்தா. “அவர் மறைக்கல்ல. அவர் எழுதினத நாம மறைக்கவா? கூரை ஒழுகினா வாளி வைக்கலாம். நீங்க அந்த மனுசருக்குச் சொல்லுங்க.”

இரவு முழுவதும் நான் கிதாபில் தேடியதை அவர் ஒரு கணக்குக் கொப்பியில் கண்டெடுத்துவிட்டார்.

முடிவு

அந்தப் பெரியவர் மறுவாரம் வந்தார். விஷயத்தைச் சொல்லி, கொப்பியையும் காட்டினேன். அவர் டோர்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்து 1100ஐப் பார்த்தார். நிமிர்ந்ததும் சிறிது நேரம் மௌனமாக நின்றார். “நீங்கள் சொல்லாவிட்டால் எனக்கு இது தெரியவே வந்திருக்காது” என்றார். காரை வேண்டாம் என்று விட்டுவிடவில்லை. முன்பு சொன்னபடி பதினைந்து இலட்சத்துக்கே வாங்கிக்கொண்டார். நேர்மைக்குப் பரிசாகக் கூட்டிக் கொடுத்தார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. அவர் சொன்ன விலை அது, எங்களுக்குரிய விலையும் அதுதான்.

எஞ்சின் மாற்றத்தை முறைப்படி அறிவித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்துவதற்காக மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய்வந்த பிறகே காரைக் கையளித்தோம். 1976 இல் வாப்பா போக நினைத்துப் போகாமல் விட்ட பயணத்தை அவருடைய பிள்ளை போய் முடித்தது போல ஒரு நிறைவு. கார் வெளியே போகும் நேரத்தில் பாஸும் வந்து நின்றார். போனட்டைத் தடவிவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

தாத்தாவின் வீட்டில் மண்டபத்துக்கும் இரண்டு அறைகளுக்கும் புதுக் கூரை போட்டாகிவிட்டது. பணம் அதற்குத்தான் போதுமாக இருந்தது. குசினிக்கு இன்னும் பழைய தகரம்தான். மழை பலமாகப் பெய்தால் ஒரு மூலையில் வாளி வைக்கிறார். இன்ஷா அல்லாஹ், தம்பி வரும்போது அதையும் பார்த்துக்கொள்வோம்.

வாசகர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கார் இருக்கலாம், அல்லது ஒரு தையல் இயந்திரம், ஒரு தங்க மாலை, ஒரு காணித் துண்டு இருக்கலாம். விற்கும் நாள் வந்தால் தகட்டை மட்டும் பார்த்துவிட்டு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் நீங்களே பாருங்கள். கண்டதை வாங்குபவருக்கும் காட்டுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் மகன் அந்தக் காந்தத்தைத் தன் மேசையில் வைத்திருக்கிறான்.

சென்ற மாதம் கண்டிக்கு பஸ்ஸில் போனேன். கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கியதும் பழக்கத்தில் வாய் பிஸ்மி சொன்னது. 48 குதிரைகளும் நினைவுக்கு வந்தன, உம்மாவும் நினைவுக்கு வந்தார். உம்மா சொன்னதும் பிழையல்ல என்றே பட்டது. பிஸ்மி சொல்லிப் புறப்பட்ட ஒருவரின் கணக்குக் கொப்பி, ஏறத்தாழ ஐம்பது வருடங்களின் பின் அவருடைய பிள்ளைகளை ஒரு ஹராமிலிருந்து காப்பாற்றியிருக்கிறதே!

அல்லாஹுதஆலா நம் கொடுக்கல் வாங்கல்களில் பரக்கத் செய்வானாக! மேலே தெரிவதும் அடியில் இருப்பதும் ஒன்றாக வாழ்ந்து மரணிக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.